சத்தியில் திரும்பாத கார்

இன்னாசிமுத்து கார் ஓட்டும்போது அவரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. மனைவி கிளாடிஸ் மட்டும் சொல்வாள். அவளுக்கும் பாதி நாள், அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் பொறுத்துக்கொள் என்றுதான் பதில் வரும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராகக் காலம் தள்ளியவர். மெஷின் நின்றால் உற்பத்தி போச்சு என்கிற புத்தி ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை. கார் நின்றாலும் ஏதோ நஷ்டம் வந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு ஊர் பார்க்கிற ஆசை மட்டும் அடங்கவே இல்லை. தனுஷ்கோடி, மூணாறு, ஹம்பி என்று தன்னுடைய வெள்ளைக் காரிலேயே போய் வந்தார். போன இடத்திலெல்லாம் மலையோ கடலோ பின்னால் தெரிய, காரை முன்னால் நிறுத்தி ஒரு படம். அது உடனே பேஸ்புக்கில் ஏறிவிடும். ஊரை அவர் பார்த்தாரோ இல்லையோ, ஊர் அவருடைய காரை நன்றாகப் பார்த்திருக்கும்.

இந்தத் தடவை பயணம் புனேவுக்கு. மகன் மெல்வினுக்கு அங்கே வேலை. மருமகள் தாரணிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கிளாடிஸும் தாரணியின் அம்மா ருக்குமணியும் பிரசவத்துக்கு முன்பே விமானம் ஏறிப் போய்விட்டார்கள். கோயமுத்தூரில் மிச்சம் இருந்தது தாத்தாக்கள் இருவர்தான்.

"ரயில்ல அடைஞ்சு கெடக்கறதுக்கு கார்லயே போயிரலாமுங்க சம்மந்தி. வழியெல்லாம் பாத்துக்கிட்டே போன மாதிரி இருக்கும்" என்று இன்னாசிமுத்து, தாரணியின் அப்பா அரங்கசாமியிடம் கேட்டார்.

"அதுக்கென்னுங்க, போலாமுங்க" என்றார் அரங்கசாமி.

அரங்கசாமி கணபதியில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எதையும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றால், "இன்னைக்கு வெய்யல் ஜாஸ்தியா இருக்குதுங்க" என்பார். சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமென்றால், "ரசம் நெம்ப நல்லா இருக்குதுங்க" என்பார். மற்றவர்கள் புரிந்துகொண்டு செய்துவிடுவார்கள். எதிராளியைச் சிரமப்படுத்தக் கூடாது, கேட்டு இல்லையென்று சொல்ல வைத்துவிடக் கூடாது. இதைவிடப் பெரிய மரியாதை அந்தப் பக்கத்தில் கிடையாது. இதைவிடப் பெரிய தொல்லையும் கிடையாது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பினார்கள். புளியம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தலாம் என்று இன்னாசிமுத்து முதலிலேயே முடிவு செய்திருந்தார். டீ குடித்து முடித்ததும் அரங்கசாமி பக்கத்துக் கடைக்குள் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் கல்கண்டுப் பொட்டலம், இன்னொரு கையில் வாழையிலையில் கட்டிய மல்லிகைப்பூ.

காரில் ஏறிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். "எங்க பக்கம் கொளந்தை பொறந்தா சக்கரை, கல்கண்டு கொண்டுபோயிக் குடுத்துத்தானுங்க சேதி சொல்றது. போன்ல எல்லாம் சொல்றதில்லீங்க. எத்தனை பகையா இருந்தாலும், பொறந்த சேதிக்குக் கொண்டுபோன சக்கரையை யாரும் வேண்டாமுன்னு சொல்ல மாட்டாங்க."

"நல்ல பழக்கமுங்க" என்றார் இன்னாசிமுத்து. கியரை மாற்றினார்.

புரியாமல் இல்லை. காரில் இருப்பது இரண்டு ஆண்கள். அந்தப் பூவை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. பூவும் கல்கண்டும் வாங்குகிறவர் ஏதோ ஒரு வீட்டுக்குப் போகப் போகிறார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். எந்த வீடு என்பதும் இன்னாசிமுத்துவுக்குத் தெரிந்ததுதான். அரங்கசாமியின் அண்ணன் வெள்ளியங்கிரிக்குக் கொடிவேரி அணைக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாகத் தோட்டம். தாரணிக்கும் மெல்வினுக்கும் கல்யாணம் பேசிய நாளில், "சிலுவை மாட்டுன ஊட்டுக்குப் புள்ளையக் குடுக்கறவன் எம்பட வாசலை மிதிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டவர். கல்யாணத்துக்கும் வரவில்லை. அண்ணனும் தம்பியும் அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அரங்கசாமி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மண்டபத்தில் யாரோ சொல்லித்தான் இன்னாசிமுத்துவின் காதுக்கு வந்தது. வந்த வார்த்தை காதோடு நிற்கவில்லை, உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

பவானிசாகர் பிரிவு தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் வாழை. நடுநடுவே பூந்தோட்டங்களில் பெண்கள் குனிந்து மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே மலை நீலமாக எழும்பி நின்றது. வேறு நாளாக இருந்தால் இன்னாசிமுத்து அதைப் பற்றி நாலு வார்த்தை பேசியிருப்பார். அன்று பேசவில்லை. சத்தி என்கிற சத்தியமங்கலம் நெருங்க நெருங்க அவருக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. இவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனால், அந்த மனுசன் வாசலிலேயே நிறுத்திவிட்டால் என்ன செய்வது? தம்பியை உள்ளே கூப்பிட்டுவிட்டு, என்னைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டால்? எத்தனையோ பேருக்கு ஷிப்ட் போட்டு வேலை வாங்கிய மனிதருக்கு, முகம் தெரியாத ஒருவர் வாசலில் நிற்பதை நினைத்தாலே கழுத்தெல்லாம் வேர்த்தது.

சத்தியமங்கலத்துக்குள் கார் நுழைந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பண்ணாரி, திம்பம், மைசூர். பாலத்துக்கு முன்பே வலது கைப்பக்கம் திரும்பினால் கோபிசெட்டிபாளையம் ரோடு.

அரங்கசாமி தொண்டையைச் செருமினார். "ஏனுங்க சம்மந்தி, இப்படி வலது பக்கம் போனா கொடிவேரி வருமுங்க. தண்ணி நல்லா உளுகும். வண்டிய நிறுத்திப் படம் எடுக்கறதுக்குத் தோதான எடமுங்க."

கடை, கடையை விட்டால் வீடு என்று இருக்கும் மனிதர். ஒரு அருவியைப் பார்க்கலாம் என்று வாழ்நாளில் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார். அவரால் கேட்க முடிந்தது அவ்வளவுதான். இன்னாசிமுத்துவுக்கு அது தெரிந்தது. தெரிந்தும், இண்டிகேட்டரில் கை வைக்காமல் நேராகப் பாலத்தில் ஏறினார்.

"வெய்யல் ஏறுறதுக்குள்ள மலை ஏறிடலாமுங்க. திரும்பி வரும்போது கட்டாயம் போலாம், கொடிவேரி எங்க போயிரப் போகுது."

"அதுக்கென்னுங்க, வரும்போது பாத்துக்கலாமுங்க" என்றார் அரங்கசாமி.

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பொட்டலத்தை மட்டும் மடியிலிருந்து எடுத்து முன்னால் இருந்த பெட்டிக்குள் வைத்து மூடினார்.

பண்ணாரியில் எல்லா வண்டியும் நிற்கும் என்பதால் இவர்களும் நின்றார்கள். அரங்கசாமி கோவிலுக்குள் போய் நெற்றியில் அங்கே பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண் பூசிக்கொண்டு வந்தார். காரில் ஏறியதும், பின்னால் பார்க்கிற கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் காட்டி, "இதுல கட்டலாமுங்களா? சும்மா வாடிப்போறதுக்கு" என்று கேட்டார். இன்னாசிமுத்து தலையசைத்தார். மல்லிகையைச் சிலுவைக்கு மேலாகச் சுற்றி முடிச்சுப் போட்டார் அரங்கசாமி. கார் முழுக்க வாசம் அடித்தது. அந்த வாசம் இன்னாசிமுத்துவை மைசூர் வரைக்கும் நிம்மதியாக விடவில்லை.

திம்பம் மலையில் கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம். கீழே சமவெளி முழுக்கத் தெரியும். அணைக்கட்டின் தண்ணீர் தகடாக மின்னியது, அதற்கு அந்தப்பக்கம் பச்சை, அதற்கு அப்பால் புகைமூட்டம். இன்னாசிமுத்து காரைத் தோதாக நிறுத்திப் படம் எடுத்தார். அரங்கசாமி தடுப்புச் சுவர் ஓரமாக நின்று கிழக்கே பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே என்ன தெரிகிறது என்று இன்னாசிமுத்து கேட்கவில்லை. சிக்னல் கிடைத்த இடத்தில், "கோவையிலிருந்து திம்பம். எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில். சம்பந்தியுடன்" என்று எழுதிப் படத்தை ஏற்றினார். புளியம்பட்டி டீயும் பண்ணாரிச் சாமியும் கணக்கில் வரவில்லை.

அதற்கப்புறம் ஊர்கள் ஓடின. சித்ரதுர்காவில் கோட்டை, ஹூப்ளிக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் மிளகாய் காயப்போட்ட சிவப்புக் களம், பெல்காமில் மழை. லாரி டிரைவர்கள் சாப்பிடுகிற கடைகளில் ரொட்டி தின்று அரங்கசாமிக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தப் பக்கம் தயிரு கெட்டியா இருக்குமாமுங்க" என்று சொன்னார். இன்னாசிமுத்து புரிந்துகொண்டு தயிர்சாதம் கிடைக்கிற கடையாகத் தேடினார். வழியெல்லாம் சம்பந்தியைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். ஜன்னலோரம் வெயில் அடித்தால் துண்டு கட்டினார், இரவு தங்கிய இடங்களில் நல்ல கட்டிலை அவருக்கு விட்டார். குற்றமுள்ள நெஞ்சு செய்கிற உபசாரம் அது. அரங்கசாமி ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார்.

புனேவில் பேத்தியை மாறிமாறி வைத்துக்கொண்டார்கள். பேர் வைத்துத் தொட்டிலில் போட்டார்கள். எல்லாப் படமும் பேஸ்புக்கில் ஏறியது. பூ வழியிலேயே காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தது. கல்கண்டு மட்டும் காரின் பெட்டிக்குள்ளேயே இருந்தது, அது கெட்டுப்போகிற பண்டம் இல்லையே.

ஒரு மாதம் போல இருந்துவிட்டு வந்த வழியிலேயே இருவரும் திரும்பினார்கள். இந்தத் தடவை இன்னாசிமுத்துவுக்கு மலையும் கண்ணில் படவில்லை, மானும் கண்ணில் படவில்லை. பண்ணாரியில் இறங்கி, சத்திப் பாலத்தைத் தாண்டியதும், யாரும் கேட்காமலேயே இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டார். அரங்கசாமி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வந்திருவோமுங்க" என்றார் இன்னாசிமுத்து.

அரங்கசாமி பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். கோபி ரோட்டில் ஒரு பெட்டிக்கடையில் புதிதாகப் பூ வாங்கினார்கள்.

வாய்க்கால் ஓரமாக மண்தடத்தில் போனால், தென்னைக்கு நடுவே மொட்டை மாடி வைத்த வீடு. நாய் குரைத்தது. போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி எழுந்து வந்தார். இன்னாசிமுத்து காரை விட்டு இறங்கவா வேண்டாமா என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க சம்மந்தி, வாங்க. நெம்பத் தூரம் ஓட்டிப்போட்டு வந்திருக்கறீங்க. உள்ள வாங்க" என்று வெள்ளியங்கிரி அவர் கையைப் பிடித்தார். உள்ளே கூட்டிப்போய் சோபாவைத் துண்டால் தட்டி உட்கார வைத்தார். பேன் சுவிட்சை அவரே போட்டார். அரங்கசாமியைப் பார்த்து, "ம்" என்று மட்டும் சொன்னார். அரங்கசாமி கதவோரம் நின்றார்.

எந்த வாசலுக்குப் பயந்து பாலம் ஏறினாரோ, அந்த வாசலில் இன்னாசிமுத்துவுக்கு ஒரு குறையும் இல்லை.

"உங்க படமெல்லாம் பாக்கறனுங்க. ஒண்ணு உடறதில்லை. லைக் போடத்தான் ஒரு மாதிரியா இருந்துச்சு" என்று வெள்ளியங்கிரி சிரித்தார். "திம்பத்துல வண்டிய நிறுத்தி எடுத்தது நல்லா வந்திருந்துச்சுங்க. எங்கயும் நிக்காம ஒரே மூச்சுல வந்தோமுன்னு போட்டிருந்தீங்க. அன்னைக்கு மத்தியானம்தான் அதைப் பாத்தனுங்க."

அவர் மனைவி பொன்னாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். கணவரைப் போலச் சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியவில்லை. "முந்துன நாளே ருக்குமணி புனேயில இருந்து போன் பண்ணிச் சொல்லிப்போட்டாளுங்க. ரெண்டு பேரும் இந்த வழியாத்தான் வாராங்க, எப்படியும் சக்கரை கொண்டுக்கிட்டு வருவாருன்னு. கோழி அடிச்சு ஆக்கி வெச்சிருந்தனுங்க. இவரு சவரம் பண்ணி, சலவை வேட்டி கட்டிக்கிட்டு, காலையில இருந்து ரோட்டுக்கும் ஊட்டுக்கும் நடந்துக்கிட்டே இருந்தாரு. தம்பி வந்தா என்ன பேசறதுன்னு என்கிட்டயே கேட்டாரு. அப்புறமேட்டுக்கு அந்தப் படம் வந்துச்சுங்க. ஆக்குனதைத் தோட்டத்து ஆளுகளுக்குக் குடுத்துப்போட்டோம்."

அரங்கசாமி இரண்டு எட்டு முன்னால் வந்து பொட்டலத்தை அண்ணனிடம் நீட்டினார்.

"பேத்தி பொறந்திருக்குதுங்கண்ணா."

வெள்ளியங்கிரி பொட்டலத்தைப் பார்த்தார். கை நீட்டவில்லை. "பொறந்த சேதிக்குத்தான் சக்கரை. பேரு வெச்சு, தொட்டில்ல போட்டு, அது சிரிக்கறது வரைக்கும் நான் போன்லயே பாத்துப்போட்டேன். இனி இதுல என்ன சேதி இருக்குது? சத்தி வழியாத்தான் போயிருக்கறே. நிறுத்தறதுக்கு மனசு வரலை."

"தூங்கிப்போட்டனுங்கண்ணா" என்றார் அரங்கசாமி. "சத்தி தாண்டுனதே தெரியலை. சம்மந்தி எழுப்புனாருங்க, நாந்தான் ஏந்திரிக்கலை."

இன்னாசிமுத்துவுக்கு முதலில் வந்தது ஆறுதல். தன் தலை தப்பியது என்கிற ஆறுதல். வந்த வேகத்திலேயே அது அவருக்கு அருவருப்பாகப் போனது. தன் அண்ணனையே இழந்துகொண்டிருக்கும் நேரத்தில், அந்த மனிதர் சம்பந்தியின் மானத்துக்குத் துணி போர்த்துகிறார். இதைக் கேட்டுக்கொண்டு மோர் குடிப்பதா?

டம்ளரைக் கீழே வைத்தார். "இல்லீங்க. அவர் தூங்கலை. சத்தியில திரும்பலாமுன்னு சொன்னாருங்க. நாந்தானுங்க நேரா ஓட்டிட்டேன். நீங்க என்ன சொல்வீங்களோன்னு எனக்குப் பயமுங்க. தப்பு என்னோடது, அவரு மேல துளிகூட இல்லை."

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கினாற்போல இருந்தது.

"நெம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார். "சம்மந்தியை உட்டுக்குடுக்காமப் பேசறீங்க. இப்படி ஒருத்தரு ஊட்டுக்குப் புள்ளை குடுக்க வேண்டாமுன்னு சொன்னனே, அதை நெனச்சா எனக்கே வெக்கமா இருக்குதுங்க. உங்க ஊட்டுல எம்பட தம்பி புள்ளை நல்லா இருப்பா." பிறகு தம்பி பக்கம் திரும்பாமலேயே, "கூடப் பொறந்ததுக்கு அந்த மனசுல பாதி இல்லை" என்றார்.

"நெசமாத்தானுங்க சொல்றேன்" என்றார் இன்னாசிமுத்து. வெள்ளியங்கிரி இன்னும் மரியாதையாகத் தலையாட்டினார். அதற்குமேல் என்ன சொன்னாலும் அது அவருடைய பெருந்தன்மைக் கணக்கில்தான் சேரும் என்று தெரிந்தது. உண்மையையும் உபசார வார்த்தையையும் ஒரே குரலில், ஒரே 'ங்க' போட்டுச் சொல்கிற ஊரில், எது எதுவென்று அவரால் எப்படிப் பிரித்துக்காட்ட முடியும்?

பொன்னாத்தாள் பூவை மட்டும் வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று வெள்ளியங்கிரி இன்னாசிமுத்துவைத்தான் வற்புறுத்தினார். கார் கிளம்பும்போது கும்பிட்டு, "சொந்தம் ஒறம்பரை உட்டுப்போகக் கூடாதுங்க, அடிக்கடி வாங்க" என்றதும் அவரிடம்தான்.

தடம் முடிந்து ரோடு வந்ததும் இன்னாசிமுத்து கொடிவேரிக்குத் திருப்பினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அணை நெடுகத் தண்ணீர் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே குடும்பம் குடும்பமாகத் தலையைக் கொடுத்துக் குளித்தார்கள். வறுத்த மீன் வாசம் காற்றில் வந்தது. அரங்கசாமி சொன்னது பொய்யில்லை, படத்துக்குத் தோதான இடம்தான். இன்னாசிமுத்து போனை எடுக்கவில்லை.

அரங்கசாமி விழுகிற தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார். "அண்ணன்கிட்டச் சொன்னீங்களே. எனக்காகச் சொன்னதுங்களா, இல்லை நெசமுங்களா?"

"நெசந்தானுங்க. புளியம்பட்டியில நீங்க கல்கண்டு வாங்குனப்பவே தெரியுமுங்க."

அரங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நான் வாய்விட்டுக் கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க" என்றார். "கேக்காம இருந்தது எம்பட தப்புங்க."

அவர் கோபித்திருந்தால், ஒரு வார்த்தை திட்டியிருந்தால், இன்னாசிமுத்து வாங்கிக்கொண்டு மனசாறியிருப்பார். அந்த ஒன்றை அரங்கசாமி அவருக்குக் கொடுக்கவில்லை.

கோயமுத்தூர் வரைக்கும் இருவரும் மழையைப் பற்றியும் ரோடு போட்டிருக்கிற லட்சணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்கள். கணபதியில் வீட்டு முன்னால் காரை நிறுத்திப் பையை இறக்கிக் கொடுத்தார் இன்னாசிமுத்து. பிரிகிற நேரத்தில் ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"தை மாசத்துல இன்னொருக்கா புனே போலாமுங்க சம்மந்தி. இந்தத் தடவை நீங்க சொல்ற எடத்துல எல்லாம் நிறுத்தறேன். வழியில முதல்ல அண்ணன் ஊடுதான்."

அரங்கசாமி சிரித்த முகமாகக் கும்பிட்டார்.

"அதுக்கென்னுங்க, அப்பப் பாத்துக்கலாமுங்க."

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. இன்னாசிமுத்து காரில் ஏறி உட்கார்ந்தார். கல்கண்டுப் பொட்டலம் பக்கத்து இருக்கையிலேயே இருந்தது. இறங்கிப்போய்க் கொடுக்கலாம் என்று கதவில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இப்போது அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரங்கசாமி இனி இந்தக் காரில் ஏறமாட்டார்.